தங்கத்துக்குக் கட்டிய மணி

07.09.2023, வியாழக்கிழமை, காலை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலமாக இருக்கிறோம்; அவளுடைய முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய். ஆகையால் கேட்கவில்லை.

நீ எழுதிய எச்சரிக்கைச் சூத்திரம் வந்து சேர்ந்தது. அதை நீ முதலில் தொலைபேசியில் சொல்ல முயன்றதும், உன் அண்ணி குறித்துக்கொள்ள முயன்றதும், பிறகு இருவரும் சிரித்துச் சிரித்துத் தொடர்பையே துண்டித்ததும் எனக்கு ஏற்புடையதாக இல்லை. அடைப்புக்குறி காதுக்குக் கேட்காது. அது எங்கே திறந்தது, எங்கே மூடியது என்பதைத் தாளில்தான் பார்க்க முடியும். எனவே இந்த வேலை முடியும்வரை நமக்குள் கடிதம்தான். மின்னஞ்சலில் வரலாம், ஆனால் கடிதமாக வர வேண்டும். தேதி, விளிப்பு, கையொப்பம் ஆகிய மூன்றும் இல்லாத எதையும் நான் கோப்பில் சேர்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும்.

முதற்குறை தேதியில். உன் கடிதம் எனக்கு 5ஆம் தேதி காலை வந்தது. அதில் நீ இட்டிருப்பது 4. எனக்கு விடியும்போது கடல் கடந்த உன் ஊரில் முந்தைய நாள் மாலை என்பதை நான் அறிவேன். ஆயினும் ஒரே கோப்பில் இரண்டு ஊர்த் தேதிகள் இருந்தால், எதற்கு எது பதில் என்று பின்னாளில் யாருக்கும் விளங்காது. இனி என் தேதியையே இடு. உன் கணினியில் விலை வரைபடத்தின் நேரத்தையும் என் ஊர் நேரத்துக்கு மாற்றி வை. அப்போதுதான் நீ பார்க்கும் நாளும் நான் பார்க்கும் நாளும் ஒன்றாக இருக்கும்.

இரண்டாவது குறை சூத்திரத்திலேயே இருக்கிறது. "தங்கத்தின் விலை நேற்றைய அடிமட்ட விலைக்குக் கீழே இருந்தால் மணி அடி" என்று எழுதியிருக்கிறாய். கணினி கீழ்ப்படிதல் மிக்கது. நேற்று விலை கீழே இருந்த அத்தனை நேரமும் அது நிமிடத்துக்கு ஒருமுறை அடித்தது. உன் அண்ணி சமையலறையிலிருந்து வந்தாள். "என்னங்க இது, பச்சப்புள்ள மாதிரி கத்திக்கிட்டே இருக்கு? ஒண்ணு அதை நிறுத்துங்க, இல்ல அதைத் தூக்கிக்கிட்டு நீங்களும் வெளிய போங்க" என்றாள். நான் அதை நிறுத்தினேன்.

பணிக்காலத்தில் ஒரு பஞ்சாலைக்கு நான் சோதனைக்குப் போனபோது, அங்கிருந்த தீ மணியின் நாக்கில் பழந்துணி சுற்றியிருந்தது. காவலாளியைக் கேட்டேன். "சும்மா சும்மா அடிக்குது சார், மனுஷன் தூங்க வேணாமா?" என்றார். ஓயாமல் அடிக்கும் மணியை ஊமையாக்கிவிடுவது மனித இயல்பு. ஆகவே "கீழே இருந்தால்" என்று எழுதாதே. "மேலிருந்து கீழே கடந்தால்" என்று எழுது. கடப்பது ஒரு முறை. மணியும் ஒரு முறை.

அக்டோபர் 2ஆம் தேதி முதல் ஒரு மாதத்துக்கு, நகைப் பட்டறைக்குத் தங்கம் வாங்கும் நாளைத் தரகரின் தொலைபேசி சொல்லாது, உன் மணிதான் சொல்லும் என்று உன் முதலாளியம்மா இசைந்ததாக எழுதியிருந்தாய். அது பலித்தால் கொள்முதல் பொறுப்பு உனக்கு. பலிக்காவிட்டால், தரகர் சொல்வதை ஏட்டில் ஏற்றும் பழைய கணக்கம்மாவாகவே இருப்பாய். இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சவரக்கடைக்காரரிடம் மட்டும் சொன்னேன், அதுவும் அவர் கேட்டதனால். அவர் கேட்கவில்லை என்பது உன் அண்ணியின் கட்சி.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
தலைமைச் சோதகர், தீ எச்சரிக்கை மணிகள் (ஓய்வு)


09.09.2023, சனிக்கிழமை (உங்கள் சனிக்கிழமை!)

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். தேதியைப் பார்த்தீர்களா? இங்கே வெள்ளிக்கிழமை இன்னும் முடியவில்லை. நாளைத் தேதியைப் போட்டு இன்றைக்கே எழுதுகிறேன். இதுவே செக்காக இருந்தால் வங்கியில் திருப்பி அனுப்பியிருப்பார்கள். சார்ட்டையும் உங்கள் நேரத்துக்கு மாற்றிவிட்டேன். இப்போது என் மடிக்கணினிக்குள் மட்டும் உங்கள் ஊர்ச் சூரியன் உதிக்கிறது. திருப்திதானே?

அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுப்பது நீங்களாக இருந்தால் இன்னும் நல்லது.

"கடந்தால்" என்று மாற்றிப் பார்த்தேன். மணி ஒழுங்காக ஒரு முறைதான் அடித்தது. ஆனால் அண்ணா, அடித்து என்ன பயன்? விலை கீழே கடந்ததும் மணி அடிக்கிறது, நாங்கள் வாங்குகிறோம், அது இன்னும் கீழே போகிறது. வழுக்குமரத்தில் நடுவில் நின்று தரை வந்துவிட்டது என்று இறங்குவதுபோல. தரையில் கால் பட்ட பிறகு அல்லவா மணி அடிக்க வேண்டும்?

எனவே இப்படி எழுதியிருக்கிறேன். விலை முந்தைய நாளின் அடிமட்டத்துக்கும் கீழே போக வேண்டும். ஆனால் அந்த நாள் முடியும்போது, முந்தைய நாள் முடிந்த விலைக்கு மேலே ஏறி நிற்க வேண்டும். உதை வாங்கிக்கொண்டு விழுந்து, அதே நாளில் எழுந்து நின்றுவிட்ட விலை. அந்த நாள் முடிந்த நொடியில் ஒரே ஒரு அலர்ட். கட்டளை வரிகள் இணைப்பில் இருக்கின்றன. அடைப்புக்குறிகளை நானே இரண்டு தரம் எண்ணிவிட்டேன்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்பீர்கள். பதினொரு வருடம் தரகர் சொன்ன நாளில் வாங்கி, நான்தானே கணக்கு எழுதினேன்? விலை இறங்கினால் "இன்னும் இறங்கும், வித்துடுங்க" என்று பயமுறுத்துவார். ஏறினால் "இன்னும் ஏறும், வாங்கிடுங்க" என்று அவசரப்படுத்துவார். எதைச் செய்தாலும் அவருக்குக் கமிஷன். எழுதி எழுதி எனக்கே புரிந்துவிட்டது.

நேற்று பட்டறைக்கு வந்திருந்தார். "என்ன கணக்கம்மா, மணியெல்லாம் கட்டறீங்களாமே? அது சாப்பாட்டு மணியா, வீட்டுக்குப் போற மணியா?" என்றார். பெரிய ஆசாரி ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "உங்களை வீட்டுக்கு அனுப்பற மணி" என்றார். பட்டறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை அண்ணா.

முதலாளியம்மா ஒரு நிபந்தனை வைத்துவிட்டார். "நீயே எழுதி நீயே சரின்னா எப்படி? இன்னொருத்தர் சோதிச்சு ரெண்டாவது கையெழுத்துப் போடணும்" என்றார். எங்கள் அண்ணன் இருக்கிறார் என்றேன். "அவருக்குத் தங்கத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டார். "தங்கம் தெரியாது மேடம், மணி தெரியும்" என்றேன். சரி என்றுவிட்டார்.

அன்புடன்,
உங்கள் தங்கை


16.09.2023, சனிக்கிழமை, முற்பகல்

அன்புள்ள தங்கைக்கு,

உன் சூத்திரத்தின் சோதனை நேற்று, 15ஆம் தேதி நிறைவுற்றது. முடிவை இறுதியில் சொல்வதே முறை. ஆனால் உனக்குப் பொறுமை கிடையாது. சூத்திரம் தேறிவிட்டது.

இனி முறைப்படி. புகை காட்டாமல் எந்த மணியையும் நான் நம்பியதில்லை. விலைக்குப் புகை என்பது பழைய விலைகள்தாம். 02.01.2019 முதல் சென்ற வாரம்வரை உள்ள ஒவ்வொரு நாளின்மீதும் உன் சூத்திரத்தை ஓடவிட்டேன். அடித்த ஒவ்வொரு மணிக்கும் அந்த நாளைத் திறந்து, அடிக்க வேண்டிய நாள்தானா என்று கண்ணால் பார்த்தேன். அடிக்காத நாள்களையும் பார்த்தேன். இதைப் பலர் செய்வதில்லை. அடித்த மணி தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். அடிக்கத் தவறிய மணியைத் தேடிப் போக வேண்டும். ஒன்றும் தவறவில்லை. மணி அடித்தபின் பெரும்பாலும் விலை ஏறியிருக்கிறது, சிலமுறை ஏறவில்லை. அது விலையின் குணம், மணியின் குற்றமன்று.

உன் அண்ணி எட்டிப்பார்த்து, "ரிடையர் ஆனப்புறமும் மணிதானா? அப்போ தீ, இப்போ தங்கமா?" என்றாள். தீயைவிடத் தங்கத்தால் எரிந்த குடும்பங்கள் அதிகம் என்றேன். அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு போய்விட்டாள்.

நாம் இருவரும் ஒரே நேரத்தில் வரைபடத்தை வைத்திருப்பதால், உன் பட்டியலும் என் பட்டியலும் நாளுக்கு நாள் ஒத்துப்போயின. நான் வலியுறுத்திய ஒழுங்கின் பயனை இப்போது உணர்ந்திருப்பாய்.

சான்று தனித்தாளில் இருக்கிறது. அதன் வாசகம் இது: "இந்த எச்சரிக்கைச் சூத்திரம் என்னால் முழுமையாகச் சோதிக்கப்பட்டது. இது அடிக்க வேண்டிய நாளில் அடிக்கும். அடிக்கலாகாத நாளில் அடிக்காது." பழைய முத்திரையைத் தேடியெடுத்து மையிட்டேன். என் முப்பத்து நான்கு ஆண்டுப் பணியில் நான் கொடுத்த எந்தச் சான்றும் திரும்பப் பெறப்பட்டதில்லை என்பதை உன் முதலாளியம்மாவிடம் சொல்.

ஒன்றை மட்டும் சான்றில் எழுத இடமில்லை. விலை விழுவதை எல்லோரும் பார்க்கிறார்கள்; அது எழுந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தவள் நீ. சோதித்துக்கொண்டே வரும்போது, இது எனக்குத் தோன்றியிருக்காது என்று பல இடங்களில் நினைத்தேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
தலைமைச் சோதகர், தீ எச்சரிக்கை மணிகள் (ஓய்வு)


23.09.2023, சனிக்கிழமை (உங்கள் தேதி)

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். எழுதக் கை வரவில்லை; ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

உங்கள் சான்றை முதலாளியம்மா இரண்டு தரம் படித்தார். அச்செடுத்த தாளில் முத்திரையை விரலால் தடவிப்பார்த்துவிட்டுக் கோப்பில் போட்டார். தன் அறைக் கணினியிலும் சார்ட்டைப் போட்டு, அதே ஃபார்முலாவை ஏற்றச் சொன்னார். ஏற்றினேன்.

21ஆம் தேதி வியாழக்கிழமை மதியம், என் மடிக்கணினியை அவர் மேசையில் வைத்துக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். தரகரும் இருந்தார். என் கணினியில் மணி அடித்தது. பக்கத்திலேயே இருந்த முதலாளியம்மாவின் கணினி பேசாமல் இருந்தது. ஒரே தங்கம், ஒரே ஃபார்முலா, ஒரே மேசை. ஒன்று அடிக்கிறது, ஒன்று சும்மா இருக்கிறது.

"இதுல எந்த மணியைக் கேட்டு நான் பணத்தை எடுக்கணும்?" என்று முதலாளியம்மா கேட்டார். "ஒண்ணு பெரியவங்களுக்கு, ஒண்ணு சின்னவங்களுக்குப் போல" என்றார் தரகர். நான் ராத்திரி வரை பார்க்கலாம் என்றேன். மறுநாள் காலையில் பார்த்தபோதும் அவர் கணினியில் மணி அடித்த தடமே இல்லை.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். என் கணினி உங்கள் நேரத்தில் இருக்கிறது. எங்கள் வியாழக்கிழமை மதியம் உங்களுக்கு நள்ளிரவு. அங்கே நாள் முடிந்துவிட்டது. அந்த நொடியில் விலை மேலே நின்றது, மணி அடித்தது. முதலாளியம்மாவின் கணினிக்கு அது பாதி நாள்தான். அதன் பிறகு விலை மறுபடியும் சரிந்து, எங்கள் நள்ளிரவில் கீழேயே முடிந்துவிட்டது. தங்கச் சந்தை இரவும் பகலும் ஓடுகிறது, அண்ணா. ஒரே கயிற்றை நீங்கள் ஓரிடத்தில் வெட்டி நாள் என்கிறீர்கள், நாங்கள் வேறிடத்தில் வெட்டி நாள் என்கிறோம். நம் பட்டியல்கள் ஒத்துப்போனதற்குக் காரணம், இருவரும் ஒரே இடத்தில் வெட்டியதுதான்.

பழைய விலைகளை எங்கள் நேரத்தில் ஓடவிட்டேன். மணிகளில் பல வேறு நாள்களுக்குப் போய்விட்டன. சில காணாமலே போயின.

வழியும் தெரிந்துவிட்டது. இந்தச் சந்தை தினமும் ஒரு மணி நேரம் தானே கதவைச் சாத்துகிறது. உங்கள் நள்ளிரவும் வேண்டாம், எங்கள் நள்ளிரவும் வேண்டாம். அந்தக் கதவு சாத்தும் நேரத்தையே நாளின் முடிவாக வைத்து எழுதப்போகிறேன். எந்தக் கணினியில் போட்டாலும் ஒரே மணிதான் அடிக்கும்.

அதற்குமுன் நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். பழைய ஃபார்முலாவுக்குக் கொடுத்த சான்றைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக ஒரு வரி எழுதித் தாருங்கள். அது கோப்பில் இருக்கும்வரை புதியதை வைக்க இடமில்லை. உங்களைக் கேட்க எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் தங்கை


25.09.2023, திங்கட்கிழமை

தங்கைக்கு,

உன் கடிதம் 23ஆம் தேதி கிடைத்தது. நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்பதற்காக இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

21ஆம் தேதி என் கணினியிலும் மணி அடித்தது. அதன் பதிவு என்னிடம் இருக்கிறது. அது அடிக்க வேண்டிய நாள். அடித்தது. சான்று சொன்னதும் அதுவே. உன் முதலாளியம்மாவின் கணினி வேறு நேரத்தில் வைக்கப்பட்டிருந்தால், பிழை அந்தக் கணினியினுடையது. நான் சோதித்த நேரத்துக்கு அதை மாற்றி வைத்தால் அதுவும் அடிக்கும். ஒரு கட்டடத்தில் சோதித்த மணியைக் கழற்றி இன்னொரு கட்டடத்தில் மாட்டிவிட்டு, சோதித்தவனைக் குறைசொல்லும் வழக்கத்தை நான் பணியிலேயே கண்டிருக்கிறேன்.

என் சான்று எதுவும் திரும்பப் பெறப்பட்டதில்லை என்று உனக்கு எழுதியிருந்தேன். அது அலங்காரத்துக்காக எழுதிய வாக்கியம் அன்று. ஒரு தரகரின் கேலிக்காக அதை மாற்றிக்கொள்ள இயலாது.

இதை உன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "உலகமே உங்க ஜன்னலைப் பார்த்துத்தான் விடியணுமா?" என்று கேட்டாள். சான்று சான்றுதான் என்றேன். உனக்கும் அதையே தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமைச் சோதகர் (ஓய்வு)


26.09.2023, செவ்வாய்க்கிழமை (எங்கள் செவ்வாய்)

அண்ணாவுக்கு,

இரண்டாம் தரம் கேட்கமாட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இன்று காலை முதலாளியம்மாவிடம் நானே போய், பழைய ஃபார்முலாவை எடுத்துவிடுங்கள் என்றேன். ஏன் என்றார். "நாள் எங்க முடியுதுன்னு நான் யோசிக்கல, மேடம். எங்க அண்ணன் சொன்ன நேரத்துல வெச்சேன். எங்க ரெண்டு பேர் கண்ணுக்கும் தெரியல" என்றேன். நீங்கள் கோபிப்பீர்கள், ஆனால் பொய் சொல்லத் தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். புதுசு, ரெண்டு கையெழுத்தோட என் மேசைக்கு வரணும். இல்லன்னா பழையபடி ஃபோன்தான்" என்றார்.

புதியதை எழுதிவிட்டேன். என் கணினியில் உங்கள் நேரத்தில் ஓட்டினேன், எங்கள் நேரத்தில் ஓட்டினேன், நாள்கள் மாறவில்லை. இணைத்திருக்கிறேன்.

மாடிப்படியில் தரகர் நிறுத்தினார். "ரெண்டாவது கையெழுத்துக்கு ஆள் இல்லையாமே, அக்கா? நான் போடறேனே, நமக்குள்ள என்ன" என்றார். பார்க்காமலே போடத் தயாராக இருந்தார், அண்ணா. கையில் பேனாவை எடுத்தும்விட்டார். வேண்டாம் என்று சொல்லி இறங்கி வந்தேன்.

என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். கீழே உள்ள இடத்தை விட்டுவைத்திருக்கிறேன். அது வெறுமையாகவே இருந்தால், வெறுமையாகவே கொடுத்துவிடுவேன்.

நான் கேட்டபோது நீங்கள் என்னோடு பேசவில்லை. உங்கள் முத்திரையோடு பேசினீர்கள். அதுதான் வருத்தம். மற்றபடி நலம். அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தங்கை


29.09.2023, வெள்ளிக்கிழமை, விடியற்காலை

என் அன்புத் தங்கைக்கு,

இது உனக்கு வியாழக்கிழமை மாலையில் கிடைக்கும். முதலாளியம்மா குறித்த கெடுவுக்கு ஒரு முழு நாள் இருக்கிறது. முதலில் அதை நீ அறிய வேண்டும் என்பதால் அதை முதலில் எழுதினேன்.

உன் கடிதத்தை 27ஆம் தேதி காலை படித்தேன். மடித்து வைத்தேன். உன் அண்ணி கேட்டாள்: "அவ எழுதினதுல தப்பு இருக்கா?" இல்லை என்றேன். "உங்க சான்றுல?" நான் செய்தித்தாளை எடுத்தேன். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அப்போ எழுந்து போய்ப் பாருங்க. காபி அப்புறம்" என்றாள்.

பார்த்தேன். என் வரைபடத்தின் நேரத்தை ஒவ்வொரு மணி நேரமாக நகர்த்தி, உன் பழைய சூத்திரத்தை ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டேன். நகர்த்திய ஒவ்வொரு முறையும் மணிகள் இடம் மாறின. என் ஊர் நள்ளிரவில் மட்டும் அழகாக அடித்த அந்த மணி, பக்கத்து நாட்டு நள்ளிரவில் உளறியது. நான் சோதித்தது உன் சூத்திரத்தை அன்று, என் கடிகாரத்தை. இது அடிப்படைப் பிழை. இதை என் கீழ் வேலைபார்த்த சோதகர் செய்திருந்தால், அவரை நிற்கவைத்துக் கேட்டிருப்பேன்.

பிறகு புதியதை அதேபோல நகர்த்தி நகர்த்தி ஓட்டினேன். எந்த நேரத்தில் வைத்தாலும் அதே நாள்கள். ஒரு நாள்கூட அசையவில்லை. நேற்று பிற்பகல் முழுவதும் அதை எப்படியாவது தடுமாறச் செய்ய முயன்றேன் என்பதை மறைக்கவில்லை. ஒரே ஓர் இடத்தில் தடுமாறியது. பொது விடுமுறையன்று சந்தை பாதி நேரமே திறந்து மூடுகிறது. அந்த அரை நாளை முழு நாளாக எண்ணி 03.07.2020 அன்று ஒரு பொய் மணி அடித்திருக்கிறது. திருத்துவதா, தெரிந்தே விட்டுவைப்பதா என்பதை நீ முடிவு செய். உன் சூத்திரம்.

இரண்டு தாள்கள் இணைத்திருக்கிறேன்.

முதல் தாள்: "16.09.2023 அன்று என்னால் வழங்கப்பட்ட சான்று திரும்பப் பெறப்படுகிறது. காரணம், சோதகர் தன் ஊர் நாளையே எல்லோருக்கும் நாளாகக் கொண்டது. குற்றத்தைக் கண்டுபிடித்தவர், சூத்திரத்தை எழுதியவர்." இதற்கு மாதிரி வாசகம் என் பழைய கோப்புகளில் இல்லை, எழுதும் தேவை வந்ததில்லை. நானே அமைத்தேன். நன்றாகவே அமைந்திருக்கிறது.

இரண்டாம் தாள்: உன் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து. முத்திரை வைக்கவில்லை. அரை நாள் பொய் மணியைக் குறிப்பாக எழுதியிருக்கிறேன். தெரிந்த குறையை எழுதாத சான்று சான்றன்று.

தரகருக்கு நீ வேண்டாம் என்று சொன்ன இடத்தை இரண்டு முறை படித்தேன். பொறுப்பு கைநழுவிவிடும் என்ற நிலையிலும், சோதிக்காத கையெழுத்தை நீ வாங்கிக்கொள்ளவில்லை. சோதகன் என்று நான் என்னைச் சொல்லிக்கொள்கிறேன். அந்த மாடிப்படியில் நின்றவள் நீ. நேற்று சவரக்கடையில், என் சோதனைக்குத் தப்பிய பிழையை என் தங்கை பிடித்துவிட்டாள் என்று சொன்னேன். அவர் கத்தியை நிறுத்திவிட்டு, "உங்க தப்பைக் கண்டுபிடிச்சதுக்கா சார் இவ்வளவு சந்தோஷம்?" என்றார். ஆமாம் என்றேன்.

நான் முத்திரையோடு பேசியதாக நீ எழுதியிருந்தாய். அதை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். இது நான்.

இப்படிக்கு,
உன் அண்ணன்


11.10.2023, புதன்கிழமை, மாலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் இரண்டு தாள்களையும் முதலாளியம்மா மேசையில் நான் வைத்த கதையை அன்றைக்கே ஃபோனில் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அவர் முழுதாகச் சொல்லியிருக்கமாட்டார். அதனால் எழுதுகிறேன்.

முதலாளியம்மா புதிய சான்றை மேலோட்டமாகத்தான் பார்த்தார். திரும்பப் பெறும் தாளைத்தான் நின்று படித்தார். "தரகர் பதினொரு வருஷத்துல ஒருதரம்கூடத் தப்புன்னு சொன்னதில்ல. இவர் முத்துமுத்தா எழுதியே கொடுத்திருக்காரு. இந்தாளு நிஜமாவே சோதிச்சிருக்காரு. ஃபைல்ல போடு" என்றார். அரை நாள் குறையை நான் திருத்தவில்லை. அப்படிப்பட்ட நாள்களில் வாங்குவதில்லை என்று ஒரு வரி சேர்த்தேன். அதற்கும் தலையாட்டினார்.

2ஆம் தேதி தொடங்கினோம். மணி அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. வாரமே போனது. தரகர் தினமும் ஃபோன் செய்தார். "விலை ஏறுதுங்க, கணக்கம்மா மணிக்குத் துரு பிடிச்சிருக்கும், எண்ணெய் போடச் சொல்லுங்க" என்றார். ஆசாரிகள் கையிருப்புத் தங்கத்தைச் சிக்கனமாக உருக்கினார்கள். "அக்கா, நாளைக்கு வளையலுக்கு வேணும், நாளான்னிக்கு என்னத்தை உருக்கறது, உங்க மணியையா?" என்றார் பெரிய ஆசாரி. ஆனால் நான் ஃபார்முலாவைத் தொடவில்லை. அவசரத்துக்குத் தளர்த்தினால் அது மணி இல்லை, என் ஆசை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று மாலை சந்தை கதவு சாத்திய நேரம். பட்டறையில் மேசைகளைத் துடைத்து, பொன் துகளைத் தூரிகையால் கூட்டிக்கொண்டிருந்தார்கள். முதலாளியம்மா சாவிக்கொத்தோடு எழுந்துவிட்டார். அவருடைய கணினியில் மணி அடித்தது. என் கணினியிலும் அடித்தது. ஒன்றுக்கு ஒன்று ஒரு மூச்சு இடைவெளி இல்லை. பெரிய ஆசாரி தூரிகையைக் கையில் பிடித்தபடியே படியேறி வந்து வாசலில் நின்றார்.

அதே நேரத்தில் முதலாளியம்மாவின் ஃபோனும் அடித்தது. தரகர். அவர் எடுத்துக் காதில் வைத்து, "இருங்க" என்றார். ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கணக்கம்மா, வாங்கலாமா?"

பதினொரு வருடத்தில் அவர் என்னைப் பார்த்து இதைக் கேட்டதில்லை. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்றுதான் கேட்டிருக்கிறார். நான் திரையை ஒருதரம் பார்த்தேன். அடித்த நாளைத் திறந்து, விழுந்த இடத்தையும் எழுந்து நின்ற இடத்தையும் கண்ணால் பார்த்தேன். "வாங்குங்க, மேடம்" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆசாரியைத்தான் கேட்க வேண்டும்.

சந்தை மறுபடி திறந்ததும் வாங்கிவிட்டோம். விலை ஏறுமா, இறங்குமா என்று இனிமேல்தான் தெரியும், அண்ணா. அதற்கு நானும் சான்று கொடுக்கமாட்டேன், நீங்களும் கொடுக்கமாட்டீர்கள். ஆனால் கேட்டது என்னை.

அன்புடன்,
உங்கள் தங்கை,
கொள்முதல் பொறுப்பாளர் (சோதனையில்)